பிள்ளையாருக்குக் கணக்குத் தெரியுமா?

மகனே,

நேற்று நீ போனில் பேசி வைத்ததிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை. தைக்க வந்த நைட்டிக் கட்டுகள் அவிழ்க்காமலே கிடக்கின்றன. “ஒரு நிமிச வீடியோதாம்மா. டீச்சர் எழுதிக் குடுத்ததத்தான் பேசுனேன், எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு கோமதி சொல்லிட்டா முடிஞ்சிரும். எங்க கல்யாணமும் நல்லபடியா நடந்துரும்” என்றாய். நான் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். பதில் இருந்தது. வாயைத் திறந்திருந்தால் கத்தியிருப்பேன், அவ்வளவுதான். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், கூரியரில் போடுகிறேன். இதை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டிக்கொள். உன் மாமனாரிடம் காட்டு, அந்த வீட்டுத் தாய்மாமனிடம் காட்டு, நம் தெரு வாட்ஸ்அப் குரூப்பில்கூடப் போடு. ஆனால் காட்டினால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் முழுசாகக் காட்ட வேண்டும். பாதியை வெட்டிக் காட்டியதால் வந்த வினையைத்தான் இப்போது அனுபவித்துக்கொண்டிருக்கிறோம்.

நீ ஓசூரில் உட்கார்ந்து பார்த்தது அரை நிமிட வீடியோ. அதற்கு முன்னால் நடந்ததை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். உன் தங்கச்சி கோமதியின் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழாவுக்குப் பட்டிமன்றம் வைத்தார்கள். ‘தேர்வில் வெற்றி தருவது பக்தியா, உழைப்பா?’ என்று தலைப்பு. அரசுப் பள்ளிக்கூடத்தில் வழக்கமாக வைக்கிற தலைப்புதான், இதில் யாருக்கு என்ன கெட்டுப்போகும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். யார் எந்த அணி என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டார் எஸ்தர் டீச்சர், அவளுடைய தமிழ் டீச்சர். கோமதிக்கு ‘உழைப்பே’ விழுந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தாள். “பக்தி விழுந்திருந்தா எம்புட்டுப் பேசியிருப்பேன், எனக்குப் போய் இது விழுந்திருக்கு பாருங்க” என்று அவ்வளவு புலம்பல். வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுகிற பிள்ளை அவள். உனக்கே தெரியும், நீ பரீட்சைக்குப் போகும்போது உன் நெற்றியில் திருநீற்றை அப்பி, கண்ணில் விழுந்து நீ அவளைத் திட்டியிருக்கிறாய்.

பேச்சுப்போட்டி என்றால் நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் எப்படி என்று உனக்குத் தெரியும். டீச்சர் எழுதிக் கொடுப்பார், பிள்ளை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும், பரிசு வாங்கும். நீ சுதந்திர தினத்துக்குப் பேசியதெல்லாம் அப்படித்தான். எஸ்தர் டீச்சர் அப்படிச் செய்யவில்லை. “சீட்டு ஒனக்கு விழுந்தது, பேச்சும் ஒன்னோடதாத்தான் இருக்கணும்” என்று சொல்லிவிட்டார். இவளும் வேறு வழியில்லாமல் யோசிக்க ஆரம்பித்தாள். யோசிக்க யோசிக்க அவளுக்குக் கோபம் வந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷமாகக் கணக்கு வாத்தியார் இல்லை. அறிவியல் டீச்சர் ஓய்ந்த நேரத்தில் வந்து நாலு கணக்குப் போட்டுவிட்டுப் போவார். மிச்சத்தைப் பிள்ளைகள் யூடியூபில் பார்த்துக்கொள்கிறார்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சை வந்துவிட்டது, இன்னும் பாதிப் பாடம் நடக்கவில்லை. ஆனால் வருஷா வருஷம் ஹால் டிக்கெட்டை வாங்கியதும் தலைமையாசிரியை அத்தனையையும் தாம்பாளத்தில் அடுக்கி, பள்ளிக்கூட வாசலை ஒட்டி இருக்கிற நம் தெருப் பிள்ளையார் காலடியில் வைத்துப் பூசை போட்டுக் கொடுப்பார். அந்த அம்மா அதைப் பிரியமாகத்தான் செய்கிறார், நான் குறை சொல்ல மாட்டேன்.

மேடையில் கோமதி பேசியது இதுதான். நான் முன் வரிசையில் இருந்தேன், ஒரு சொல் கூட்டவில்லை. “எங்க ஹால் டிக்கெட்டப் பிள்ளையார் காலடியில வெச்சுப் பூசை போடுதாங்க, சந்தோசம். ஆனா நான் ஒண்ணு கேக்கேன். பிள்ளையாருக்குக் கணக்குத் தெரியுமா?” என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினாள். சிரிப்பும் கைதட்டலும் கொட்டகையைப் பிய்த்தன. தலைமையாசிரியைகூடச் சிரித்தார். பிறகு சொன்னாள்: “தெரியும்னா, ரெண்டு வருசமா காலியா கெடக்க கணக்கு வாத்தியார் நாற்காலியில அவரக் கொண்டாந்து உக்கார வெச்சிருங்க. தெரியாதுன்னா எங்களுக்கு ஒரு வாத்தியாரக் குடுங்க. நாங்களும் அவரக் கும்பிட்டுட்டே படிச்சுக்கிடுதோம்.” கூட்டத்தில் பல தாய்மார்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

யாரோ போனில் பிடித்திருக்கிறார்கள். ‘பிள்ளையாருக்குக் கணக்குத் தெரியுமா?’ என்று அவள் கேட்டு நிறுத்துகிற இடத்தோடு வெட்டி, ‘அரசுப் பள்ளியில் இந்துக் கடவுளைக் கேலி செய்யப் பிள்ளைகளுக்குப் பயிற்சி’ என்று எழுதி விட்டுவிட்டார்கள். மறுநாள் அடுத்த வீட்டு ரமணம்மா அக்கா போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். “ஏமம்மா இதி? என்னம்மா இது, நம்ம கோமதி தானே?” என்று தெலுங்கும் தமிழுமாகக் கேட்டார். சாயங்காலத்துக்குள் ராஜபாளையம் முழுக்கப் பார்த்துவிட்டார்கள். கேட்டுவிட்டு அவள் நிறுத்திப் பார்க்கிற பார்வையை, ‘திமிரைப் பாரு’ என்று வட்டம் போட்டுக் காட்டினார்கள். பதினைந்து வயசுப் பிள்ளைக்கு வந்த வசவுகளை நான் எழுத மாட்டேன். என் கையால் அந்த எழுத்தெல்லாம் வராது.

அடுத்து நான் செய்த காரியம். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். அவர்களோடு உன் வருங்கால மனைவியின் தாய்மாமனும் வந்திருந்தார். நிச்சயதார்த்தத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பந்தி விசாரித்த மனுஷன், அன்றைக்கு என்னைத் தெரியாத மாதிரி பார்த்தார். “ஒங்க பிள்ளைக்கு இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?” என்று எழுந்து நின்று கேட்டார். எனக்குப் பயம் வந்துவிட்டது. இந்த மாதிரி இடத்தில் நாம் எல்லோரும் என்ன சொல்வோம்? பிள்ளை பரிசு வாங்கினால் ‘எல்லாம் டீச்சர் எழுதிக் கொடுத்தது’ என்போம். அது நம் வாயில் ஊறிப்போன மரியாதை. அதே வாய் தானாகச் சொல்லிவிட்டது: “புள்ளைக்கு என்ன சார் தெரியும், சீட்டுல விழுந்துச்சு, டீச்சர் எழுதிக் குடுத்தாங்க, ஒப்பிச்சிட்டா.” சொன்னதுமே அவர் முகம் மாறியது. “டீச்சர் பேரு என்ன?” என்று கேட்டார். எஸ்தர் என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். அந்த ஒரு பெயரோடு விவகாரம் திசை மாறிவிட்டது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது நான் இல்லை, அந்தப் பெண்.

கிறிஸ்தவ டீச்சர் இந்துப் பிள்ளையைக் கொண்டு பிள்ளையாரைத் திட்ட வைத்தார், பிள்ளையின் அம்மாவே ஒப்புக்கொண்டார் என்று மனு போய்விட்டது. விசாரணை முடியும் வரைக்கும் பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டாம் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டார்கள். நான் பஸ் பிடித்து மம்சாபுரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். கம்பிக் கதவுக்கு உள்ளே நின்றுதான் பேசினார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. “நீங்க மரியாதைக்குத்தான் சொன்னீக, எனக்குத் தெரியும்க்கா. ஆனா மனுவுல மரியாதைன்னு எழுதல, நான் எழுதிக் குடுத்தேன்னுல்லா எழுதியிருக்கு” என்றார். பிறகு இன்னொன்றும் சொன்னார். “அந்த வரி வேண்டாம் கோமதி, நான் சர்ச்சுக்குப் போறவ, என் தலையிலதான் வந்து விடியும்னு நான் சொன்னேன். கணக்கு வாத்தியார் கேக்க எனக்கு வேற வழி தெரியல டீச்சர்னு அவ சொன்னா. அதுக்கு மேல ஒரு பிள்ளை வாய அடைக்க எனக்கு மனசு வரல.” திரும்பி வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகும் நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. வீட்டுக்கு வந்து கோமதியிடம், ‘சீட்டில் விழுந்ததைத்தான் பேசினேன், எனக்கு அப்படி நம்பிக்கை கிடையாது’ என்று மட்டுமாவது சொல்லிவிடு, டீச்சரும் தப்பிப்பார், நீயும் தப்பிப்பாய் என்று கெஞ்சினேன். எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: “சீட்டு விழுந்தப்போ எனக்குப் பிடிக்கலம்மா. ஆனா எழுத எழுத அது சரின்னுதான் பட்டுச்சு. மேடையில நிக்கும்போது அது எனக்கு உண்மை. இப்போ பயந்துக்கிட்டு அது பொய்யின்னு சொன்னா, பிள்ளையாருக்கு முன்னாடி போயி எப்படி நிப்பேன்?” அன்று சாயங்காலமும் அவள் எப்போதும் போல விளக்கேற்றினாள்.

நாம் பிள்ளையாரோடு எப்படிப் பழகியவர்கள் என்று உனக்கு மறந்துவிட்டதா? நீ ஐந்தாவது படிக்கும்போது மழையில்லாமல் கண்மாய் வெடித்துக் கிடந்தது. தெருப் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து பிள்ளையாருக்கு மிளகாய் அரைத்துப் பூசினீர்கள், எரிச்சல் தாங்காமல் மழையைக் கூப்பிடட்டும் என்று. மிளகாயை அம்மியில் அரைத்துக் கொடுத்தது நான். உங்கப்பா தினம் அவருக்குத் தண்ணீர் ஊற்றுகிற ஆள், அவர்தான் பிறகு கழுவிவிட்டார். யாரும் மனுக் கொடுக்கவில்லை. இத்தனைக்கும், நிச்சயதார்த்தப் பந்தியில் அந்தத் தாய்மாமன் என்ன கதை சொன்னார்? சின்ன வயசில் புதுப்பட்டிப் பக்கம் பக்கத்து ஊர்ப் பிள்ளையாரைச் சாக்கில் கட்டித் தூக்கிவந்து தங்கள் தெருவில் வைத்தார்களாம், திருட்டுப் பிள்ளையாருக்குத்தான் சக்தி அதிகம் என்று சொல்லிச் சிரித்தார். நீயும்தான் சிரித்தாய். பிள்ளையாரைத் திருடினால் பக்தி, பிள்ளையாரைக் கேள்வி கேட்டால் பாவமா? இதை நான் அவரிடம் நேரிலேயே கேட்கப்போகிறேன்.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன், மனசு புண்பட்டவர்களும் உண்டு. நம் தெருக்கோடியில் இருக்கிற ஒரு தாய், மகனுக்குப் படிப்பு ஏறவில்லை, பிள்ளையாரை விட்டால் அவளுக்கு யாரும் இல்லை. அவள் என்னிடம் வந்து, “ஒம் மக அப்படிக் கேட்டது எனக்கு நெஞ்சுல குத்திருச்சு” என்று அழுதாள். அவளிடம் கோமதி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து முழுப் பேச்சையும் சொல்லிக் காட்டினாள். கேட்டுவிட்டு அந்தத் தாய், “வாத்தியாரக் கேக்கும்போது எம் மவனுக்கும் சேத்துக் கேளு” என்றாள். எல்லோரிடமும் இப்படிப் பேசித் தீர்த்துவிட முடியாது, எனக்குத் தெரியும். வீடியோவில் மன்னிப்புக் கேட்டால் மட்டும் அவளுக்கு என்ன ஆறியிருக்கும்? அந்த வீடியோ அவளுக்காகக் கேட்கப்படவில்லை. எஸ்தர் டீச்சரை ஊரை விட்டு அனுப்பக் கேட்கப்படுகிறது. உனக்கு அது புரியவில்லையா, அல்லது புரிந்தும் ‘நமக்கென்ன’ என்று இருக்கிறாயா? நேற்று நீ சொன்னது என் காதில் இன்னும் கிடக்கிறது. “ஒரு டிரான்ஸ்பர்தானேம்மா, உயிரா போயிரும்?” என்றாய்.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவன் நீ. உனக்கு நான் சொல்லக்கூடிய புத்திமதி என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒரு வீட்டுக்குப் பயந்து இன்னொரு வீட்டுப் பெண்ணைக் காட்டிக்கொடுத்து ஆரம்பிக்கிற குடித்தனத்தில், நாளைக்கு உன் மனைவி உன்னை எதை வைத்து நம்புவாள்? அவளை நீ கேட்டாயா? உன் மாமனார் வீட்டில் எல்லோருடைய பேச்சையும் சொன்னாய், அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று நீ சொல்லவே இல்லை. அவள் முந்தாநாள் கோமதிக்குப் போன் போட்டாள். என்ன கேட்கப்போகிறாளோ என்று நான் பக்கத்தில் நின்று பதறினேன். “கணக்கு வாத்தியார் வந்தாச்சா?” என்று கேட்டாள். இல்லை மதினி என்றாள் இவள். “நான் பி.எஸ்சி. கணக்குதான், சந்தேகம் இருந்தா சாயங்காலம் போன் பண்ணு” என்றாள். இரண்டு நாளாகப் போனில் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. உன் கல்யாணத்தை நினைத்து நான் நிம்மதியாக மூச்சு விட்டது அந்த ஒரு தடவைதான்.

வருகிற புதன்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்வி அலுவலகத்தில் விசாரணை. நான் போகிறேன். டீச்சர் எழுதிக் கொடுத்தார் என்று நான் சொன்னது பொய் என்று சொல்லப்போகிறேன். அதோடு நிறுத்த மாட்டேன். அந்த வரி என்னுடையது. ஆமாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் நைட்டிக்கு ஜிப் வைத்துக்கொண்டிருந்தேன், இவள் எதிரில் நின்று பேசிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூசை பற்றி என்னமோ இழுத்துக்கொண்டே போனாள். நான்தான், “ஏட்டி, மொதல்ல பிள்ளையாருக்குக் கணக்குத் தெரியுமான்னு கேளு. தம்பி மயில்ல ஒலகத்தச் சுத்தப் போனப்போ அப்பா அம்மாவச் சுத்தி வந்து பழத்த வாங்குன ஆளு அவரு. கணக்குப் போட்டா வாங்குனாரு?” என்றேன். இவள் விழுந்து விழுந்து சிரித்து, முதல் பாதியை எடுத்துக்கொண்டாள். இத்தனை வசவு விழுந்தும், இத்தனை பேர் சுற்றி நின்று ‘யார் சொல்லிக் கொடுத்தது’ என்று கேட்டும், அம்மா என்று அவள் வாயில் வரவில்லை.

புதன்கிழமை இதைச் சொல்லப்போகிறேன் என்றதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “நீ வெளையாட்டுக்குச் சொன்னம்மா. மேடையில கேட்டது நானு. அத நான் யாருக்கும் குடுக்க மாட்டேன்” என்றாள். எனக்கும் வீம்பு. இருவரும் மாறி மாறிக் கத்திக்கொண்டிருந்தோம். உங்கப்பா மில்லிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த விவகாரம் தொடங்கியதிலிருந்து அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபமோ, வருத்தமோ என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். “ரெண்டு பேரும் பங்கு வெச்சுக்கிடுங்க. சிரிச்சது யாருன்னு கேட்டா, நானுன்னு நான் சொல்லுதேன்” என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் காப்பி புரையேறும் அளவுக்குச் சிரித்தார், உண்மைதான். லீவு சொல்லிவிட்டார். மூன்று பேரும் காலையில் பஸ்ஸில் போகிறோம்.

எட்டாவதில் கரும்பலகையில் பி.டி. சாரை எருமை மாடாக வரைந்தது யார் என்று வகுப்பே நடுங்கிக்கொண்டு நின்றபோது, ‘நான்தான் சார்’ என்று எழுந்து நின்ற ஒருவன் நம் வீட்டில் இருந்தான். உள்ளங்கை வீங்கி வந்தான். உங்கப்பா அவனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். அவனுக்குத்தான் இந்தக் கடிதம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தையல் மெஷின் மேல் போன் ஸ்பீக்கரில் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றால் நீ பேசுவாயே. நான் சொன்னதற்கு இவள் சிரிக்க, உங்கப்பா சிரிக்க, ஓசூரிலிருந்து எல்லோரையும்விடச் சத்தமாக ஒரு சிரிப்பு வந்தது. இவள் கூச்சத்தில் “வேண்டாம்ண்ணே, இது ஓவரா இருக்கு” என்றாள். “ஏட்டி, அத விட்டுராத. அந்த எடத்துல செத்த நேரம் நிறுத்து, எல்லாரையும் பாரு, கைதட்டு விழும்” என்று ஒரு குரல் சொன்னது. அண்ணன் சொன்ன இடத்தில் அவள் நிறுத்தினாள். சொன்னபடியே எல்லோரையும் பார்த்தாள். சரியாக அந்த இடத்தில்தான் வெட்டினார்கள்.

இதையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. மாப்பிள்ளையாகப் போகிற அண்ணன் பெயர் இதில் வந்துவிடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். ஆகவே புதன்கிழமை நான் என் பெயரைச் சொல்வேன், அவள் தன் பெயரைச் சொல்வாள், உங்கப்பா அவர் பங்கைச் சொல்வார். உன் பெயரை நாங்கள் மூன்று பேரும் எடுக்க மாட்டோம். இந்தக் கடிதம் உன் கையில் இருக்கிறது. காட்டினால் முழுசாகக் காட்டு.

அம்மா